பழைய ஆட்டோமேட்டிக் காரில் புதுச் சத்தம்: ஒற்றைக் காதோடு நான் தேடும் முறை

எனக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் குரல் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்று தெரியாது. ஒரு சத்தம் இரண்டு காதுகளையும் வந்தடையும் நேரத்திலும் அளவிலும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. அந்தக் கணக்குக்கு எனக்கு ஒரு காது குறைவு.

நான் வைத்திருப்பது 1999-இல் தயாரான பெட்ரோல் கார். நான்கு கியர் ஆட்டோமேட்டிக், முன்சக்கர இழுவை. 2,30,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இந்த வயதில் அது அவ்வப்போது ஒரு புதுச் சத்தம் போடும். “முன்னாடியா, பின்னாடியா, எந்தப் பக்கம்?” என்றுதான் மெக்கானிக் முதலில் கேட்பார். என்னால் பதில் சொல்ல முடிந்ததே இல்லை. அதனால் வேறு கேள்விகளைக் கேட்கப் பழகினேன். எப்போது வருகிறது? எதைச் செய்தால் மாறுகிறது? எதைச் செய்தால் நிற்கிறது?

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறவர்களுக்கும் இதே கேள்விகளைத்தான் சொல்வேன். கார் ஒரு தகரப் பெட்டி. முன்சக்கரத்தில் பிறக்கும் உறுமல் அடித்தளத் தகடு வழியே ஓடிப் பின்சீட்டுக்குக் கீழே கேட்கும். அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து காதை நம்பி இடத்தைக் குறித்தவர்கள் தவறான பாகத்தைக் கழற்றியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு, ஒரு பெயர்

சத்தம் கேட்ட உடனே பானெட்டைத் திறக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் எழுதுங்கள். இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாகிவிட்டதா? வேகம் என்ன, ஆர்பிஎம் முள் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) எங்கே நின்றது? கால் ஆக்சிலரேட்டரில் இருந்ததா, எடுத்திருந்தீர்களா? நேரான சாலையா, திருப்பமா, மேடு பள்ளமா? ஏசி ஓடியதா? மழை பெய்ததா? நான் எப்போதும் ஒரே நான்கு கிலோமீட்டர் பாதையில்தான் வெள்ளோட்டம் பார்ப்பேன். பாதை மாறாமல் இருந்தால்தான் சத்தத்தில் ஏற்பட்ட மாற்றம் காரால் வந்ததா, சாலையால் வந்ததா என்று பிரிக்க முடியும்.

சத்தத்துக்கு ஒரு பெயரும் வையுங்கள். தமிழில் இதற்குச் சொல் பஞ்சம் கிடையாது. தளர்ந்த தகடு லொடலொடக்கும். பெல்ட் கிறீச்சிடும். எண்ணெய் பம்ப்பும் பல்சக்கரமும் ஙொய்ங் என்று முனகும். தேய்ந்த வீல் பேரிங் உறுமும், உலர்ந்த சிறு பேரிங் நறநறக்கும். ரப்பர் போன மவுண்ட், அதாவது இன்ஜினைத் தாங்கும் பிடி, டொக் என்று ஒரே ஒரு முறை இடிக்கும். புகைக்குழாய்க் கசிவு புஸ்புஸ் என்று துடிக்கும். “ஒரு மாதிரி சத்தம் வருது” என்பதைவிட “60-ல் ஙொய்ங்னு முனகுது, காலை எடுத்தா நிக்குது” என்று சொன்னால் எதிரில் நிற்கும் மெக்கானிக்கின் முகமே மாறும்.

மறக்கக் கூடாத ஒன்று: சாமான் வைக்கும் டிக்கியைக் காலி செய்யுங்கள், கதவுப் பைகளையும் டேஷ்போர்டு அறையையும் காலி செய்யுங்கள், டயர் வரிகளுக்குள் கல் சிக்கியிருக்கிறதா என்று ஒரு சுற்று பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் நொடிக்கு மூன்று முறை “டிக்” என்று கேட்டு நான் பயந்துபோன சத்தம், டயரில் குத்தியிருந்த ஒரு தட்டை ஆணி. என் டயர் 185/65 ஆர்14. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.87 மீட்டர் உருளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்று. எண்ணிக்கை பொருந்தியதால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

கார் நிற்கும்போதும் வருகிறதா?

இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். நின்ற காரிலும் கேட்டால் இன்ஜின், பெல்ட்டுகள், புகைக்குழாய், டார்க் கன்வர்ட்டர், கியர்பாக்ஸ் பம்ப் ஆகியவற்றில் ஒன்று. ஓடும்போது மட்டும் கேட்டால் சக்கரம், ஆக்சில், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸின் உட்பல்சக்கரங்கள் என்று பட்டியல் வேறாகிவிடும்.

நின்றபடி சோதிக்க: சமதளம், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட்பிரேக் முழுதாக, வலது கால் பிரேக்கில் அழுத்தமாக. காருக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. இதில் நான் கறாராக இருப்பேன். என் மகள்தான் எனக்கு ஓட்டுநர், நான் பக்கவாட்டில் நின்று கேட்பேன். கைகாட்டினால்தான் அவள் கியர் மாற்ற வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பி (பார்க்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்) என்று ஒவ்வொரு நிலையிலும் பத்து நொடி நிறுத்திக் கேளுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்தச் சோதனை பேசும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அதன் ஒரு பாதி இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். மறுபாதி கியர்பாக்ஸோடு இணைந்தது, எண்ணெயின் வேகத்தால் தள்ளப்படுவது. பி-யிலும் என்-இலும் சுமை இல்லாததால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகச் சுற்றும். பிரேக்கை மிதித்தபடி டி-யில் போட்டால் கியர்பாக்ஸ் பாதி நின்றுவிடும், இன்ஜின் பாதி மட்டும் சுற்றும். இரண்டுக்கும் நடுவே உள்ள பேரிங்குகள் அப்போதுதான் உண்மையில் வேலை செய்கின்றன. ஆகவே டி-யிலும் ஆர்-இலும் நறநறத்து, என்-க்கு வந்ததும் அடங்கிப்போகும் சத்தம் என்றால் சந்தேகம் கன்வர்ட்டர் மேல்.

பம்ப் அப்படி அல்ல. கன்வர்ட்டரின் கழுத்து வழியாக இன்ஜினே அதைச் சுற்றுவதால் எல்லா நிலையிலும் ஓடும். அதன் முனகல் ஆர்பிஎம் ஏற ஏற மேலே போகும். பல கியர்பாக்ஸ்களில் ஆர்-இல் எண்ணெய் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அங்கே முனகல் இன்னும் உரக்கும். முனகல் கேட்டதும் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். எண்ணெய் குறைந்தாலும், ஃபில்டர் அடைத்தாலும், அளவுக்கு மேல் ஊற்றி எண்ணெய் நுரைத்தாலும் பம்ப் முனகும்.

இந்த இடத்தில் ஒரு பொறி உண்டு. டி-யில் போட்டதும் இன்ஜின் வேகம் சற்று இறங்கும், இன்ஜின் தன் மவுண்ட்டுகள் மேல் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வில் புகைக்குழாய் எங்காவது தொட்டாலும், குழாயின் சூட்டைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டு தளர்ந்திருந்தாலும் டி-யில் மட்டும் கடகடக்கும். அதைக் கன்வர்ட்டர் என்று நினைத்துவிடலாம். கார் முழுதாகக் குளிர்ந்த பிறகு குழாயையும் தகடுகளையும் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். காரில் கேட்ட அதே சத்தம் வந்தால் வேலை அங்கேயே முடிந்தது. துருப்பிடித்த திருகுத் துளையை ஒரு எஃகுக் கிளாம்ப் கட்டிச் சமாளிக்கலாம்.

இன்ஜின் போச்சு என்று சொல்லப்பட்ட கதை

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், சூடான இன்ஜினில், பி-யில் நிற்கும்போது டக்டக்டக் என்று கனமான ஒரு தட்டல். டி-யில் போட்டால் மங்கும். சற்று ஆக்சிலரேட்டர் கொடுத்தால் காணாமல் போகும். ஒரு பணிமனையில் காது வைத்துக் கேட்டுவிட்டு, பிஸ்டனையும் இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் நோட்டைப் புரட்டினால் ஏதோ இடித்தது. ராட் பேரிங் தட்டல் சுமை கொடுத்தால் கூடும், ஆர்பிஎம் ஏறினால் மிரட்டும். என் காரில் நேர்மாறாக இருந்தது.

முதலில் செல்போனில் பதிவு செய்து கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டு எண்ணினேன். ஐடிலிங் 750 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நொடிக்கு பன்னிரண்டரை சுற்று. வால்வுகள் அதில் பாதி வேகத்தில்தான் திறந்து மூடும். கால் வேகத்தில் நொடிக்கு மூன்று தட்டல் வந்தது. அது பன்னிரண்டரையில் ஏறக்குறைய கால் பங்கு, அப்படியானால் கிராங்க்கோடு சுற்றும் பொருள். வால்வைத் தள்ளும் டேப்பெட் இல்லை என்று உறுதியானது.

அடுத்து ஒவ்வொரு சிலிண்டராக வேலையை நிறுத்திப் பார்த்தோம். இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றினால் அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் போகாது. சில நொடிகள் போதும். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். மின் அதிர்ச்சி பலமாக அடிக்கும், எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். ராட் பேரிங் என்றால் குற்றவாளியின் சிலிண்டர் நின்றதும் தட்டல் தெளிவாகக் குறைய வேண்டும். நான்கையும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். இன்ஜின் தள்ளாடியது, தட்டல் அசையவே இல்லை. எண்ணெய் அழுத்தத்தையும் மீட்டர் வைத்துப் பார்த்தோம், குறையில்லை.

மிச்சம் இருந்தது ஃப்ளெக்ஸ் பிளேட். மேனுவல் காரில் கனத்த ஃப்ளைவீல் இருக்கும் இடத்தில், ஆட்டோமேட்டிக்கில் மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று கிராங்க்கையும் டார்க் கன்வர்ட்டரையும் இணைக்கிறது. வயதான காரில் அது போல்ட்டுகளைச் சுற்றி விரிசல் விடலாம், அல்லது கன்வர்ட்டர் போல்ட்டே தளரலாம். அப்போது எழும் தட்டல் கேட்கிறவர்களை ராட் பேரிங் என்றே நினைக்க வைக்கும். கியர்பாக்ஸ் கூடுக்கு அடியில் ஒரு சிறு மூடி இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, கிராங்க் கப்பியின் போல்ட்டில் பெரிய ஸ்பேனர் போட்டு என் மகள் மெல்லத் திருப்ப, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்றேன். “அப்பா, கை வலிக்குது” என்றாள். அந்த நொடியில் ஒரு தலைமுடி அளவுக் கோடு போல்ட் துளையிலிருந்து துளைக்கு ஓடுவது தெரிந்தது. விளிம்பில் துருவின் செம்பொடி.

கியர்பாக்ஸை இறக்கித் தட்டை மாற்றினோம். இன்ஜினைப் பிரிக்கவே இல்லை. அதே இன்ஜின்தான் இன்றும் ஓடுகிறது. உங்கள் ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜின் தட்டுகிறது என்று யாராவது சொன்னால், பிரிப்பதற்கு முன் அந்தச் சிறு மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.

ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்): பார்க்கும் முறையே பலருக்குத் தவறு

கியர்பாக்ஸ் எண்ணெயைப் பார்க்காமல் கியர்பாக்ஸ் சத்தத்தைப் பற்றிப் பேசுவது வீண். பல கார்களில் எண்ணெய் சூடாக, சமதளத்தில், கியர் லீவரை எல்லா நிலைக்கும் ஒரு முறை கொண்டுபோய் பி-க்குத் திரும்பி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை (எண்ணெய் அளவு காட்டும் கம்பி) எடுக்க வேண்டும். ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக்குகளில் சூடான பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சில கார்களில் டிப்ஸ்டிக்கே இருக்காது. குறிப்பிட்ட வெப்பநிலையில் அடியில் உள்ள அளவுத் திருகைத் திறந்துதான் பார்க்க முடியும். உங்கள் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். ஒரு காரின் முறையை இன்னொன்றுக்குப் போட்டுக் கூடுதலாக ஊற்றி, நுரைக்க வைத்து, இல்லாத முனகலை வரவழைத்தவர்கள் உண்டு.

டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடையுங்கள். பெரும்பாலான ஏடிஎஃப் புதிதாக இருக்கும்போது சிவப்பு. பழகப் பழகப் பழுப்பேறும், அதில் பயமில்லை. கறுத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிகின்றன. இளஞ்சிவப்புப் பால் போலக் கலங்கி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. காரை அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். அடித்தட்டைக் கழற்றும் வாய்ப்புக் கிடைத்தால் உள்ளே உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிற மெழுகு போன்ற படிவு இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பல்சக்கரமோ பேரிங்கோ உடைகிறது.

எண்ணெய் மாற்றினால் கையேட்டில் எழுதியிருக்கும் ரகத்தையே ஊற்றுங்கள். “எல்லாத்துக்கும் ஒத்துப்போகும்” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தவறான எண்ணெயில் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் (அதன் இரு பாதிகளையும் பூட்டிச் சேர்ப்பது) சரியாகப் பிடிக்காமல் அதிரலாம். 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது, வரிக்கோடு போட்ட சாலையில் ஏறியதுபோல ஒரு கணம் அதிர்ந்து அடங்கும். பார்க்கும் முறை எளிது. அதிர்வு வரும்போது வலது காலை ஆக்சிலரேட்டரில் வைத்தபடியே, இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். பல கார்களில் அது லாக்கப்பை விடுவித்துவிடும். அதிர்வு அந்த நொடியே நின்றால் காரணம் அதுதான். பின்னால் வண்டி வராத நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

ஓடும்போது: இன்ஜினைப் பின்தொடர்கிறதா, சக்கரத்தையா?

சத்தம் ஓடும்போது மட்டும் என்றால் அடுத்த கேள்வி இது. ஒரே வேகத்தை வைத்துக்கொண்டு ஆர்பிஎம்மை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் மிதி இல்லாததால் இதைச் செய்ய முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். என் காரில் மணிக்கு 60-ல், கியர் லீவரில் உள்ள ஓவர்டிரைவ் (நான்காம் கியர்) பொத்தானை அணைத்தால் மூன்றாம் கியருக்கு இறங்கும். 1,800-இல் இருந்த முள் 2,600-க்கு ஏறும், கார் வேகம் மாறாது. சத்தத்தின் சுருதி முள்ளோடு சேர்ந்து ஏறினால் அது இன்ஜின் பக்கத்துக்குச் சொந்தம். சுருதி அசையாமல் இருந்தால் சக்கரம், ஆக்சில், டிஃபரன்ஷியல் பக்கத்துக்குச் சொந்தம்.

இதே சோதனையில் இன்னொரு தகவலும் ஒளிந்திருக்கிறது. சூரியன்-கோள் பல்சக்கரத் தொகுதி (நடுவே ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி உருளும் சிறு சக்கரங்கள்) கொண்ட வழக்கமான நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் மூன்றாம் கியர் நேரடி விகிதம், அதாவது ஒன்றுக்கு ஒன்று. அப்போது தொகுதி முழுவதும் ஒரே உருண்டையாகச் சேர்ந்து சுற்றும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருளாது. ஒன்றிலும் இரண்டிலும் நான்கிலும் முனகி, மூன்றில் மட்டும் ஊமையாகிவிடும் சத்தம் என்றால் சந்தேகம் அந்தப் பற்கள்தான். ஹோண்டாவின் இணைத்தண்டுக் கியர்பாக்ஸ்களுக்கும் கியர்ப் படிகளே இல்லாத சிவிடி வகைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது.

அடுத்தது, 30 அல்லது 40 கிலோமீட்டர் வேகத்தில், காலியான நேர்சாலையில், காலை எடுத்து லீவரை என்-க்குத் தள்ளிச் சில நொடி உருளவிடுவது. சத்தம் தொடர்ந்தால் அது உருளும் பாகம். சாவியை மட்டும் திருப்பிவிடாதீர்கள். இன்ஜின் நின்றால் ஸ்டீரிங் கனக்கும், பிரேக்கின் துணைவிசை போகும், ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். லீவர் தவறியும் ஆர்-க்கோ பி-க்கோ போகக் கூடாது. அதனால் லீவரின் பொத்தானை அழுத்தாமல் தள்ளுங்கள்.

உறுமல்: பேரிங்கா டயரா

இதில் நான் தவறு செய்தேன். 50-க்கு மேல் ஹூம் என்ற உறுமல். இடப்பக்கம் ஸ்டீரிங்கை வளைத்தால் எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங், வலப்பக்கம் வளைத்துக் கூடினால் இடது. பாடம் சரிதான். எனக்குச் சற்றே கூடியதுபோல் தோன்ற, வலது முன்சக்கர பேரிங்கை மாற்றினேன். உறுமல் அப்படியே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, புதிதாகத் தார் போட்ட ஒரு சாலையில் ஏறியபோது மகள் சொன்னாள்: “அப்பா, சத்தம் நின்னுடுச்சு.” பழைய சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் உறுமியது. பேரிங்குக்குச் சாலை வழவழப்பா சொரசொரப்பா என்பது தெரியாது, டயருக்குத் தெரியும். டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையிலும் பிறகு எதிர்த்திசையிலும் தடவினேன். ஒரு பக்கம் வழுக்கியது, எதிர்ப்பக்கம் ரம்பம்போல் கிழித்தது. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியதும் சத்தம் தணிந்தது. சாலை மாற்றிக் கேட்பது, கையால் தடவுவது, முன்பின் மாற்றுவது, இந்த மூன்றையும் முடித்த பிறகே இப்போது பேரிங்கைத் தொடுகிறேன்.

பேரிங்தான் என்று தோன்றினால் ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சுருள் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். கெட்ட பேரிங்கின் நறநறப்பு ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு வரும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

டொக், டிக்டிக், கிறீச்

பி-யிலிருந்து ஆர், ஆர்-இலிருந்து டி மாற்றும்போது டொக் என்றால் பானெட்டைத் திறந்துவைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி மாற்ற, பக்கத்தில் நின்று இன்ஜினைப் பாருங்கள். லேசாகச் சாய்வது இயல்பு. துள்ளி எழுந்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. ஐடிலிங் அளவுக்கு மேல் இருந்தாலும் கியர் விழும்போது இடிக்கும், அதையும் பாருங்கள். சரிவில் நிறுத்திவிட்டு பி-யிலிருந்து எடுக்கும்போது மட்டும் டொக் என்றால் கார் கெடவில்லை. காரின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சிறு பூட்டுக்கொக்கி மேல் தொங்கியிருக்கிறது. என்-இல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை விட்டுக் கார் அதன் மேல் உட்கார்ந்த பிறகு பி-க்குப் போங்கள். அந்தச் சத்தம் மறைந்துவிடும்.

முழுவட்டமாக ஸ்டீரிங்கைத் திருப்பி மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டிக்டிக்டிக் என்றால் ஆக்சிலின் வெளிப்புற சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் மூட்டு. பெரும்பாலும் திருப்பத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தில். ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் சிதறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிறீச்சிடும் பெல்ட்டுக்குத் தண்ணீர் சோதனை போதும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கத்தில் சிறிது தெளியுங்கள், விரல்களைத் தூரத்தில் வையுங்கள். சத்தம் கொஞ்சநேரம் மறைந்து திரும்பினால் கப்பிகள் நேர்கோட்டில் இல்லை. கூடினால் இழுவிசை போதாமல் நழுவுகிறது. பெல்ட் சுற்றும் பாகங்களில் எது நறநறக்கிறது என்று அறிய நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை அசையாத கூட்டில் வைத்துக் கைப்பிடியை வலது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொள்வேன். ஆல்டர்னேட்டர், டென்ஷனர், தண்ணீர் பம்ப் என்று ஒவ்வொன்றாக. சுற்றும் எதையும் முனை தொடக் கூடாது, தளர்ந்த சட்டையும் துண்டும் ஆகாது, ரேடியேட்டர் மின்விசிறி சொல்லாமல் சுழலத் தொடங்கும். என்னைப் போல ஒரு காது உள்ளவருக்கு இதுதான் உண்மையான திசைகாட்டி. காற்று வழி வரும் சத்தத்துக்குத் திசை வேண்டும், எலும்பு வழி வருவதற்கு வேண்டியதில்லை.

பிரேக் மிதிக்கும்போது உலோகம் உரசினால் பேடு முடிந்துவிட்டது, அதில் ஆராய்ச்சி தேவையில்லை.

ஓட்டவே கூடாதவை

எண்ணெய் விளக்கு எரிந்தபடி வரும் இன்ஜின் தட்டல், இரும்போடு இரும்பு உரசும் பிரேக், ஆடும் சக்கரத்தோடு வரும் உறுமல், முனகலோடு கியர் பிடிக்காமல் ஆர்பிஎம் மட்டும் ஏறுவது. இவற்றில் எது வந்தாலும் ஓரங்கட்டி, இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். முன்சக்கர இழுவை ஆட்டோமேட்டிக்கை முன்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்ல விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பம்ப் ஓடாது, கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் போகாது.

பழுது பார்த்து முடிந்ததும் அதே நான்கு கிலோமீட்டர் பாதையில், அதே வேகத்தில், காரைக் குளிரவிட்டு ஒரு முறை, சூடான பின் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பெரிய சத்தம் போன பிறகு அதன் அடியில் புதைந்திருந்த சின்னச் சத்தங்கள் கேட்கத் தொடங்கும். ஃப்ளெக்ஸ் பிளேட் மாற்றி எடுத்த அன்று எனக்கு அப்படித்தான் ஒரு லொடலொட கேட்டது. அது ஹீட் ஷீல்டு.